ஏழாம் நம்பர் தலை

எங்கள் தெரு ஆம்பிளைகளை முகத்தை வைத்து அடையாளம் சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் தடுமாறுவேன். பிடரியைக் காட்டுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதே தெருவில் சலூன் வைத்திருக்கிறேன். யாருக்கு இரட்டைச் சுழி, யாருக்கு வலது காதுக்குப் பின்னால் தழும்பு, யார் கழுத்தில் முடி மேல்நோக்கி வளர்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் போன மாதம் முதல் சனிக்கிழமை என்னை ஊர் சிரிக்க உட்காரவைத்தது.

முதல் சனிக்கிழமை என்றால் எங்கள் தெருவில் ஓவிய நடை. பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு வரை. இதில் சேருகிற கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு சுவரை விட்டுக்கொடுக்க வேண்டும். அதில் இங்கேயே குடியிருக்கும் யாராவது ஒருவர் தன் கைவண்ணத்தை வைத்துக்கொள்வார். நடைபாதையில் சாக்பீஸால் ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டிருக்கும், ஜனங்கள் அதைப் பார்த்து ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவார்கள். டயர் கடையில் நட்டும் போல்ட்டும் வைத்துச் செய்த கொக்குகள். பல் டாக்டர் கிளினிக்கில், அவரே அச்செடுக்கும் மாவில் செய்த பூந்தோட்டம். அந்த ரோஜாக்களை உற்றுப் பார்த்தால் கடைவாய்ப் பல் மாதிரிதான் இருக்கும். யாரும் சொல்வதில்லை, நாளைக்கு அவர் முன்னால் வாயைத் திறக்க வேண்டியவர்கள்தானே எல்லோரும்.

இதையெல்லாம் நடத்துவது நூலகத்து அம்மா. புத்தகத்தில் பக்கத்தை மடித்தவனை எப்படிப் பார்ப்பாரோ அதே பார்வையோடு, கையில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு, பதினான்கு கடைக்கும் நடந்துகொண்டே இருப்பார். நடக்க வரும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பச்சைப் பொட்டு கொடுப்பார். விரல் நுனி அளவு, பின்னால் பசை. எந்தப் படைப்பு மனசுக்குப் பிடிக்கிறதோ அதன் பக்கத்தில் இருக்கும் சீட்டில் ஒட்டிவிட்டுப் போகலாம். சுவர் கொடுத்தவரும் படம் மாட்டியவரும் அவர்கள் வீட்டாரும் தங்கள் சுவரில் ஒட்டக் கூடாது. தொடர்ந்து மூன்று மாதம் ஒரு பொட்டுகூட விழவில்லை என்றால், அந்தச் சுவர் வரிசையில் அடுத்துக் காத்திருப்பவருக்குப் போய்விடும். இந்தச் சட்டம் வந்தபோது நானும் ஆர்வமாகக் கைதூக்கினேன். என் மனைவி படம் வரைவாள் என்று அப்போது எனக்கே தெரியாது.

அவள் காலையில் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மதியத்துக்கு மேல் கடைக்கு வந்து, போனில் கேட்பவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். கடை குறுகல், அவளுக்கு இடம் நாற்காலிக்கு நேர் பின்னால் சுவரோரம் ஒரு ஸ்டூல். முன்னால் பெரிய கண்ணாடி இருக்கிறதே, முகம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. நேர் பின்னால் உட்கார்ந்தால் அவனவன் தலையே அவனவன் முகத்தை மறைத்துக்கொள்ளும். ஆக, வருஷக்கணக்காக அவள் பார்த்ததெல்லாம் பிடரிகள். ஒருநாள் நேரம் குறிக்கும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பிடரியை வரைந்தாள். அப்புறம் இன்னொன்று. பிறகு வண்ணம் வாங்கினாள், பலகை வாங்கினாள். இரண்டு வருஷத்தில் ஒன்பது தலைகள் சேர்ந்துவிட்டன. முகம் கிடையாது. உச்சி, சுழி, காதின் பின்பக்கம், கழுத்து, போர்த்திய துணியின் விளிம்பு, அவ்வளவுதான்.

நம் கடைச் சுவரிலேயே மாட்டட்டுமா என்று அவள் கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் தனக்கென்று அவள் என்னிடம் கேட்டது விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்கே காலண்டரையும் எண்ணெய் விளம்பரத்தையும் கழற்றிப் போட்டேன், சுவருக்கு வெள்ளையும் அடித்தேன். யார் தலை எது என்று வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் மட்டும் எழுதி மாட்டினாள்.

முதல் மாதம் ஒரு பொட்டுகூட விழவில்லை. வந்தவர்கள் ஒன்பது பிடரிகளையும் பார்த்துவிட்டு, சினிமாத் தியேட்டரில் பின்வரிசையில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி நெளிந்தார்கள். ஒரு பெரிய மனுஷர் என் மனைவியிடமே, இவங்கல்லாம் எப்பங்க திரும்புவாங்க என்று கேட்டார். இரண்டாவது மாதமும் ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் அவள் வெறும் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டே பேசினாள்.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்துச்சுன்னா சுவர் போயிடும். போனா நான் மறுபடி வரைய மாட்டேங்க. ரெண்டு வருஷம் ஆசையா இருந்தாச்சு, போதும்."

அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், நான் ஏற்கெனவே பெருக்கிய தரையை மறுபடி பெருக்கினேன். வரிசையில் அடுத்து நின்றது வேறு யார், மருந்துக்கடை அண்ணனின் தம்பி. குதிரை வரைகிறவன். ஓடுகிற குதிரை என்று சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு கால் போட்டிருப்பான். அந்தக் குதிரைகள் என் கடைச் சுவரில் ஓடுவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில் எனக்கென்று தனியாக ஒரு எரிச்சல் இருந்தது. ஒன்பது தலைகளில் எட்டைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாம் நம்பர் கணக்கு வாத்தியார். மூன்றாம் நம்பர் மருந்துக்கடை அண்ணன். நான்காம் நம்பர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தபால்காரர். அந்தக் குடும்பத்துக்கே முடி அடர்ந்து கிடக்கும், சீப்பு உடையும். ஐந்தாம் நம்பர் ரொட்டிக்கடைக்காரர். இப்படி எல்லாம் தெரிந்தது, ஏழாம் நம்பரைத் தவிர.

ஏழாம் நம்பர் யார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. உச்சியில் டீ கிளாஸ் வாய் அகலத்துக்குச் சொட்டை. அது போகட்டும், முடி வெட்டியிருந்த லட்சணம் இருக்கிறதே, இடது பக்கம் ஒரு நூல் மேலே ஏறியிருந்தது, கழுத்துக் கோடு படிக்கட்டு மாதிரி இறங்கியது. சத்தியமாக என் கை இல்லை. மற்ற எட்டுப் பேர் மேலும் என் கடைக் கோடு போட்ட துணி இருக்க, இவன் மேல் மட்டும் நைந்துபோன ஒரு துண்டு. விஷயம் விளங்கிவிட்டது. என் வாடிக்கையாளன் எவனோ வேறு கடையில் தலையைக் கொடுத்திருக்கிறான். துண்டைப் போர்த்தி வெட்டுகிற கடையில். வெட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல் என் கடைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறான், இவளும் வரைந்திருக்கிறாள்.

இந்தத் துரோகத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நானே என் தலையை வெளியில் கொடுப்பதில்லை. மாதம் ஒரு ஞாயிறு சமையலறையில் முக்காலி போட்டு உட்காருவேன், என் மனைவி வெட்டிவிடுவாள், முடித்ததும் நான் சொல்லிக்கொடுத்தபடி பின்னால் கண்ணாடியும் பிடித்துக் காட்டுவாள். அந்த விசுவாசம் மனுஷனுக்கு வேண்டாமா? ஏழாம் நம்பர் யார் என்று அவளை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஊர்ப் பிடரியெல்லாம் தெரியும்னு சொல்வீங்களே, நீங்களே கண்டுபிடிங்க என்று சொல்லிவிட்டு நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுவாள்.

கண்ணாடி என்றதும் இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முடி வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவோம், வாடிக்கையாளர் முன்கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டுவார். அதை நான் நேராகப் பிடிப்பதில்லை. மணிக்கட்டை லேசாகச் சாய்த்தால் கழுத்தும் காதோரமும் பளிச்சென்று தெரியும், உச்சி தெரியாது. நாற்பது தாண்டியவர்களுக்கு நான் செய்கிற உபகாரம் இது. சொட்டையைக் காட்டி அனுப்பினால் அந்த ஆள் அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவானா? எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகள் தங்கள் உச்சியைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், நானும் சந்தோஷமாக இருந்தேன்.

இவளோ சொட்டையைச் சொட்டையாகவே வரைந்திருந்தாள். முதலில் எனக்குத் திக்கென்றது. பிறகு தைரியம் வந்துவிட்டது, தன் பின்மண்டையை எவனுக்குத் தெரியும்?

அந்தத் தைரியத்தில்தான் மூன்றாவது மாதத்துக்கு ஒரு திட்டம் போட்டேன். முடி வெட்ட வந்தவர்கள் எல்லோரிடமும், சார், ஒன்பது பேர்ல நீங்களும் இருக்கீங்க, சனிக்கிழமை வந்து பாருங்க என்று காதோடு சொல்லிவைத்தேன். யார் எது என்று சொன்னால்தானே சத்தியம் மீறுவது? எட்டுப் பேரிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏழாம் நம்பர் யாராகவும் இருக்கலாமே, அதனால் மிச்சமிருந்தவர்களிடமும் சொன்னேன். மொத்தம் இருபத்தாறு பேர். வருகிறவன் ஒவ்வொருவனும் இருப்பதிலேயே நல்ல தலையாகப் பார்த்து, இதுதான் நான் என்று நினைத்துப் பொட்டை ஒட்டிவிட்டுப் போவான், துரோகி யார் என்பதும் கூட்டத்தில் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கெல்லாம் கடையில் கால் வைக்க இடமில்லை. என் மனைவி வாசலில் நின்று உள்ளே வருகிற ஒவ்வொரு ஆளையும் நம்ப முடியாமல் பார்த்தாள். நான் பத்து நாளாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு வாயெல்லாம் பல்.

ரொட்டிக்கடைக்காரர் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார், நான்காம் நம்பருக்கு முன்னால் நின்றார், இது நான்தான் என்று பச்சைப் பொட்டை உரித்தார். அதற்குள் கணக்கு வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான்காம் நம்பர் தான்தான் என்றார் வாத்தியார். இல்லை நான் என்றார் சைக்கிள் கடைக்காரர். பத்தே நிமிஷத்தில் நான்காம் நம்பருக்குப் பதினோரு பேர் உரிமை கொண்டாடினார்கள். நிஜ நான்காம் நம்பரான என் மச்சான் ஓரமாக நின்று தன் காடு மாதிரி முடியைக் கோதிக்கொண்டிருந்தார், ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று, ஐந்து, ஏழு பக்கம் ஈ கூடப் போகவில்லை. எனக்கு உறைக்க ஆரம்பித்தது. அடுத்தவன் தலைக்குத் தன் பொட்டைக் கொடுக்க ஒருவருக்கும் மனசில்லை, நான்காம் நம்பர் யார் என்று முடிவாகும்வரை பொட்டுகள் விரல் நுனியிலேயே நின்றன.

அப்போதுதான் குதிரைத் தம்பி வாயைத் திறந்தான். அண்ணனோடு வேடிக்கை பார்க்க வந்தவன், சுவரை ஏற்கெனவே கண்ணால் அளந்துகொண்டிருந்தான். "இதுக்கு எதுக்குச் சண்டை? கைக்கண்ணாடி ஆணியில தொங்குது, ஆளாளுக்கு உக்காந்து பார்த்துட்டாப் போச்சு" என்றான்.

அந்தக் கண்ணாடியை ஒளித்துவைக்க எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் மருந்துக்கடை அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி கண்ணாடியைப் பின்னால் பிடித்தான். தொழில் தெரியாதவன் அல்லவா, நேராகப் பிடித்துவிட்டான்.

அண்ணன் முன்கண்ணாடியைப் பார்த்தார். கழுத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு கையைத் தூக்கி உச்சியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த கையும் அதே இடத்தைத் தொட்டது. எழுந்து நேராகப் போய் மூன்றாம் நம்பருக்கு முன்னால் நின்றார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பன்னெண்டு வருஷமா மாசா மாசம் எனக்குக் கண்ணாடி காட்டறே. இது எங்க இருந்துச்சு?"

அதற்குள் நாற்காலிக்கு வரிசை நின்றுவிட்டது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், பார்த்தார்கள், உச்சியைத் தடவிக்கொண்டே எழுந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தார், இரண்டாவது தடவை ஏதாவது மாறியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. கணக்கு வாத்தியார் மட்டும் நிதானமாக, எத்தனை டிகிரி சாய்ப்பே என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு இருக்கும் சார் என்றேன். அவர் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சரியாத்தான் சாய்ச்சிருக்கே என்றார். அதில் பாராட்டு இருந்த மாதிரி தெரியவில்லை.

நான் உபகாரம் என்று நினைத்ததை அவர்கள் மோசடி என்றார்கள். ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். தெரிந்திருந்தால் தொப்பி வாங்கியிருப்பேன் என்றார் ஒருவர். கல்யாணத்துக்குக் கல்யாணம் முன்வரிசையில்தானே உட்கார்ந்தேன் என்று தலையைப் பிடித்துக்கொண்டார் சைக்கிள் கடைக்காரர். பச்சைப் பொட்டுகள் ஒவ்வொன்றாகச் சட்டைப் பைக்குள் போயின. நாலைந்து பேர் டயர் கடைக் கொக்குகளுக்கே போட்டுவிடலாம் என்று வாசலை நோக்கி நகர்ந்தார்கள். நூலகத்து அம்மா வந்து சீட்டுகளைப் பார்த்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், ஐந்தே முக்கால் என்று மட்டும் சொன்னார்.

என் மனைவி ஸ்டூலில் போய் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். என்னால்தான் போகிறது, அவள் வரைந்தது அத்தனையும் உண்மை, நான் காட்டியதுதான் பொய், என் பொய்க்கு அவள் சுவர் போகிறது. எனக்குத் துக்கம் வந்தால் அழத் தெரியாது, கோபம்தான் வரும். யார் மேலாவது எரிந்து விழ வேண்டும். ஏழாம் நம்பர்தான் கண்ணில் பட்டது.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் படத்துக்கு நேர் முன்னால் போய் நின்றேன். கண்ணாடியை வேண்டுமானால் சாய்த்திருப்பேன், கத்தரியை ஒருநாளும் சாய்த்ததில்லை என்று ஆரம்பித்தேன். இதோ இந்த ஆளைப் பாருங்கள், இவன் யார் என்று மரியாதையாகச் சொல்லிவிடட்டும், எந்தக் கடையில் இந்தத் தலையைக் கொடுத்தான், இடது பக்கம் ஏறிக் கிடக்கிறது, கழுத்து படி இறங்குகிறது, துணி வாங்க வக்கில்லாமல் துண்டைப் போர்த்தியிருக்கிறார்கள், இப்படி வெட்டின கையை என்ன செய்தால் தகும் என்று வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டே போனேன்.

"கை நல்லாத்தான் இருக்கு" என்று பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அது நான் வெட்டினது."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. நீ யாருக்கு வெட்டினே என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் ஏழாம் நம்பரும் என் பின்மண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்துகொண்டிருந்தன, அதே சொட்டை, அதே ஏறின இடது பக்கம், அதே படிக்கட்டுக் கழுத்து. என் மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அந்தத் துண்டு நான் உங்க வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தது" என்றார்.

தினமும் குளித்துவிட்டுத் துவட்டுகிற துண்டு. அதைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மருந்துக்கடை அண்ணன் என் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். ரொட்டிக்கடைக்காரர் கோடு போட்ட துணியைப் போர்த்தினார். அண்ணனே கைக்கண்ணாடியை எடுத்து, அவசரப்படாமல், நூல் பிடித்த மாதிரி நேராகப் பிடித்தார். பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் மறைத்த சொட்டை என் தலையில் டீ கிளாஸ் வாய் அகலத்துக்கு உட்கார்ந்திருந்தது. கையை எடுத்துத் தொட்டேன், எல்லோரும் செய்த அதே காரியம். கடை அதிரும்படி சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் துணிக்குள்ளிருந்து பார்த்தேன். மருந்துக்கடை அண்ணன் பையிலிருந்து பச்சைப் பொட்டை எடுத்தார். அண்ணே, அது நமக்கு வரவேண்டிய சுவரு, ஒட்டிடாதே என்று குதிரைத் தம்பி கையைப் பிடித்தான். பன்னெண்டு வருஷம்டா என்று கையை உதறிவிட்டு, அண்ணன் ஏழாம் நம்பர் படத்தில் சொட்டையின் நட்டநடுவில் பொட்டை அழுத்தி ஒட்டினார். ரொட்டிக்கடைக்காரர் அதன் பக்கத்திலேயே ஒன்று. வாசல்வரை போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். படத்தின் மேல் ஒட்டக் கூடாது, சீட்டில்தான் ஒட்ட வேண்டும் என்று நூலகத்து அம்மா அட்டையால் தட்டிப் பார்த்தார், கேட்பாரில்லை. கொஞ்ச நேரத்தில் ஏழாம் நம்பர் தலையில் சொட்டை இருந்த இடமே தெரியவில்லை, பச்சைப் பசேலென்று புல் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. குதிரைத் தம்பிகூடக் கடைசியில் சிரித்துக்கொண்டே தன்னுடையதையும் ஒட்டிவிட்டான்.

கணக்கு வாத்தியார் மட்டும் அங்கே ஒட்டவில்லை. இரண்டாம் நம்பருக்கு முன்னால் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டு, பின்னுச்சியில், முடி உதிர்ந்த இடத்தில் இருந்த மச்சத்தைக் காட்டினார்.

"எங்கப்பாவுக்கு இதே இடத்துல இருக்கும்மா. சின்னப் பிள்ளையில அவர் சைக்கிள்ல பின்னாடி உக்காந்து இதைப் பார்த்துக்கிட்டேதான் பள்ளிக்கூடம் போவேன். எனக்கும் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

தன் பொட்டைச் சீட்டில், சட்டப்படி, கோணாமல் ஒட்டினார். என் மனைவி அப்போதுதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு மணிக்கு நூலகத்து அம்மா எண்ணினார். ஏழாம் நம்பருக்கு இருபத்திரண்டு, இரண்டாம் நம்பருக்கு ஒன்று. எழுதிக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்று, அடுத்த வருஷம் பெண்கள் தலையும் வரையலாமே என்றார், போகும்போது தன் கொண்டையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அவளிடம் கேட்டேன், மூன்று மாதமாக அந்தத் தலையைக் கரித்துக் கொட்டினேனே, ஏன் சொல்லவில்லை என்று.

"நீங்க திட்டினது வெட்டினவளைத்தானே. உங்களை ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரி, வீட்டில் கண்ணாடி காட்டும்போது என் உச்சி ஒருநாளும் தெரிந்ததில்லையே, நீயுமா சாய்த்தாய் என்றேன்.

"நீங்கதானே அப்படிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தீங்க. நாப்பது தாண்டினவங்களுக்குச் சாய்ச்சுத்தான் காட்டணும்னு."

இப்போதெல்லாம் கடையில் கண்ணாடியைக் கையில் எடுத்ததும் நேராகவா சாய்த்தா என்று கேட்டுவிட்டுத்தான் பிடிக்கிறேன். ஒருவர்கூட நேராக என்று சொன்னதில்லை. மருந்துக்கடை அண்ணன் போன வாரம் வந்தபோது, வழக்கத்தைவிட ரெண்டு டிகிரி கூடவே சாய்ச்சுக்கோ என்றார். அவரும் தன் கடைச் சுவர் ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டார், குதிரைகள் இப்போது மருந்துக்கடையிலேயே ஓடுகின்றன. இருமல் மருந்து வாங்கப் போகிறவர்கள் கால்களை எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள்.

நேற்று ஞாயிறு. சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன், அந்தத் துண்டைப் போர்த்தினாள், வெட்டினாள். முடித்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து என்னையும் அதே கேள்வி கேட்டாள். நேராகவே காட்டு என்றேன். நேராகக் காட்டினாள். சொட்டை அங்கேயேதான் இருந்தது. இடது பக்கம் இந்தத் தடவையும் ஒரு நூல் ஏறியிருந்தது, கழுத்தில் படியும் இருந்தது. ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லித் தலையாட்டினேன்.